சாப்பிட்ட கையோடு பாத்ரூம் போகும் பிள்ளை

கும்பகோணம், மாயவரம் பக்கம் பிள்ளை சோறு வேண்டாமென்றால் கண்ணு பட்டிருக்கும் என்று உப்பு மிளகாய் சுற்றிப்போடுவோம். சுற்றுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் பாருங்கள். சாப்பிட்டதும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிடுகிறதா? விரல் முட்டியில் தழும்பு, காதுக்குக் கீழே வீக்கம், பல் கூச்சம், மூன்று மாதமாக வராத மாதவிலக்கு? அப்படியென்றால் சாப்பிட்டதை ரகசியமாக வாந்தியெடுக்கும் உணவுக் கோளாறாக (ஈட்டிங் டிஸ்ஆர்டர்) இருக்கலாம்.

ஒல்லியாக இருந்தால்தான் நோய் என்றில்லை. சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுப்பவர்களில் பலர் சராசரி எடைதான். வாந்தியில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. வாந்தியெடுத்த உடனே பல் துலக்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளிக்கட்டும்.

பல நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரே வேளையில் தலைவாழை இலை போட்டுத் திணித்துவிடாதீர்கள், தயவுசெய்து! மாவுச்சத்து திடீரென ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரியும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவில்தான் கூட்ட வேண்டும்.

பிறகு பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி. வளரிளம் பிள்ளைகளுக்கு இந்தக் குடும்பச் சிகிச்சை நன்றாகவே கைகொடுக்கிறது. இலை முன்னால் எடைப் பேச்சு வேண்டாம்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.