இரண்டு நாடோடிகளும் ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டும்

சப்டைட்டில் எழுதும் வேலையில் பணம் நிமிடக் கணக்கு. படத்தில் யாரும் வாயே திறக்காமல் பத்து நிமிடம் போனாலும் அந்தப் பத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. அதனால் 'ஸ்கேர்குரோ' கைக்கு வந்து முதல் காட்சியைப் போட்டுப் பார்த்ததும் எனக்குக் குஷி. கலிபோர்னியாவில் ஆளில்லாத சாலை, சுழற்றியடிக்கும் காற்று, இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன், இரண்டு பேரும் லிஃப்ட் கேட்டு நிற்கிறார்கள், பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க் இயக்கி 1973இல் வந்த படம். அந்த வருடம் கான் விழாவின் பெரிய பரிசை இன்னொரு படத்தோடு பங்கிட்டுக்கொண்டது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது 112 நிமிடம், ஒன்பது நாள் கெடு, அவ்வளவுதான்.

மேக்ஸ் (ஜீன் ஹாக்மன்) சிறையிலிருந்து வெளியே வந்தவன், முன்கோபி, யாரையும் நம்பாதவன், சட்டைக்கு மேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிகிறவன். லயன் (அல் பசினோ) கப்பல் வேலையை விட்டு வந்தவன், எதற்கெடுத்தாலும் கோமாளித்தனம். இவனுக்கு டெட்ராய்ட் போய், தான் பார்த்தேயிராத தன் குழந்தையைப் பார்க்க வேண்டும். அவனுக்கு பிட்ஸ்பர்க்கில் கார் கழுவும் தொழில் தொடங்க வேண்டும். 'கார் கழுவும் நிலையம்' என்று எழுதினால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. 'வாட்டர் சர்வீஸ்' என்று போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் பிட்ஸ்பர்க்கில் ஏது வாட்டர் சர்வீஸ் என்று கேட்டார், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உண்மையான தலைவலி அது இல்லை. ஆங்கிலத்தில் யாரையும் ஒரே சொல்லில் கூப்பிட்டுவிடலாம், நமக்கு நீ, நீங்க என்று இரண்டு இருக்கிறது. மேக்ஸ் பெரியவன், எடுத்த எடுப்பிலேயே 'நீ' என்பான், அதில் பிரச்சினை இல்லை. லயன்? முன்பின் தெரியாத, முறைத்துக்கொண்டு நிற்கிற ஓர் ஆளிடம் 'நீங்க' என்றுதான் தொடங்குவான். எந்த வரியில் அது 'நீ' ஆகிறது? நட்பு எந்த இடத்தில் பிடித்தது என்று மூலத்தில் யாரும் சொல்ல வேண்டியதில்லை, தமிழில் எழுதுகிறவன் சொல்லியே ஆக வேண்டும். நான் மூன்று நாள் இதிலேயே கிடந்தேன். ஒரு பிரதியில் மேக்ஸ், ஃபிரான்சிஸ் என்ற பெயர் பிடிக்காமல் அவனுக்கு லயன் என்று பெயர் வைக்கிற இடத்தில் மாற்றினேன். அப்புறம், மேக்ஸின் லைட்டர் பற்றாமல் போக லயன் தன் கடைசித் தீக்குச்சியைக் கொடுக்கிறானே, அங்கேயே மாற்றினேன். அவனைக் கூட்டாளியாகச் சேர்த்ததற்கு அந்தக் குச்சியையும் தன்னைச் சிரிக்க வைத்ததையும்தான் மேக்ஸே பின்னால் காரணமாகச் சொல்கிறான், அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

நடுவில் இரண்டு பேரும் சிறைப் பண்ணைக்குப் போகிறார்கள். எல்லாம் உன்னால்தான் என்று மேக்ஸ் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறான். நம் ஊரில் நெருங்கியவர்களோடு சண்டை என்றால் 'நீ' திடீரென்று 'நீங்க' ஆகிவிடும், அந்தக் குத்தலைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் அவன் பேசினால்தானே.

படத்தின் தலைப்புக்கும் கதை உண்டு, ஸ்கேர்குரோ என்றால் சோளக்கொல்லை பொம்மை. சோளக்கொல்லை பொம்மையைப் பார்த்துக் காக்கைகள் பயப்படுவதில்லை, சிரிக்கின்றன, இவ்வளவு சிரிக்க வைத்த விவசாயி நல்லவன் என்று அவன் வயலை விட்டுவிடுகின்றன என்பது லயனின் வாதம். இது சுலபமாக வந்தது. மேக்ஸே ஒரு மதுக்கடையில் மூள இருந்த அடிதடியை, போட்டிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆடிச் சிரிப்பாக மாற்றுகிறான். வசனம் குறைவு, எனக்கு அன்று சீக்கிரம் வேலை முடிந்தது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், ஐம்பது வருடப் படம். குழந்தை இறந்துவிட்டது என்று அதன் தாய் தொலைபேசியில் பொய் சொல்ல, லயன் உடைந்துபோய் மருத்துவமனையில் நினைவற்றுக் கிடக்கிறான். மேக்ஸ் டிக்கெட் கவுண்டரில் நின்று பிட்ஸ்பர்க் போய் வர டிக்கெட் கேட்கிறான், காசு போதவில்லை, ஷூவின் குதிகாலைப் பெயர்த்து ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுக்கிறான். நான் 'பிட்ஸ்பர்க்குக்கு ரிட்டர்ன் டிக்கெட்' என்று எழுதியிருந்தேன், மூன்று சொல், கச்சிதம். ஒரு சின்ன திரையிடலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போட்டதும் பக்கத்திலிருந்த பெரியவர், "கடைசியில அவனை விட்டுட்டு ஊருக்குத் திரும்பிட்டானே தம்பி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாம் ரிட்டர்ன் டிக்கெட் என்றால் பாதி நேரம் திரும்பிப் போகிற டிக்கெட்டைத்தான் சொல்கிறோம். தீக்குச்சிக்கு மூன்று நாள் செலவழித்த நான் இதற்கு மூன்று நொடிகூடச் செலவழிக்கவில்லை. அன்றிரவே திருத்தினேன்: 'பிட்ஸ்பர்க். போயிட்டு இங்கேயே திரும்பி வரணும்'. ஒரு வரிக்கு 42 எழுத்துதான் அனுமதி. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிற மென்பொருள் 45 என்று சிவப்பில் காட்டியது. இரண்டு வரியாக உடைத்து அனுப்பி வைத்தேன்.