மஸ்டர் ரோலில் வராத வெயில்

நூறு நாள் வேலையில் விட்டு விட்டுச் சில வருடம் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். பெரும்பாலும் ஏரி தூர்வாருவதும் வரத்துக்கால்வாய் வெட்டுவதும்தான். காலையில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிந்து, அளவு போட்டுக் கொடுத்து, குடிதண்ணீர் வைப்பது என் பொறுப்பு. ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் அது ஒரு மனித சக்தி நாள். 64 பேர் வந்தால் 64.

வெயிலை ஆராய்கிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். கடும் வெயில் நாட்கள் எத்தனை, அந்த வெயில் படுகிற ஆட்கள் எத்தனை என்று பெருக்குகிறார்கள். அமெரிக்காவைப் பற்றி 2015-ல் வந்த ஓர் ஆய்வு, 35 டிகிரியைத் தாண்டும் நாட்களை வைத்து, இந்த நூற்றாண்டின் நடுவில் அந்தப் பெருக்குத்தொகை நான்கு முதல் ஆறு மடங்காகும் என்றது. சூடு கூடுவது பாதிக் காரணம்தான். சூடான ஊர்களில் ஜனம் பெருகுவதும் அதே அளவு காரணம். வேலூரில் 35 என்பது பங்குனியிலேயே வந்துவிடும். கத்திரிக்கு 40-ஐத் தாண்டும். அதுவும் நிழலில், காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளந்த சூடு. ஏரிக்குள் மண் வெட்டுகிறவருக்கு அந்தப் பெட்டி இல்லை.

எங்கள் ஊரில் ஜனம் பெரிதாகப் பெருகவில்லை. மாறியது வயது. இளசுகள் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மண்வெட்டிக்கு வந்ததெல்லாம் ஆயாக்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தொட்டவர்கள். வயதானால் வியர்வை குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. பதிவில் இருபது வயதுப் பெண்ணும் ஒரு நாள்தான், எழுபது வயது ஆயாவும் ஒரு நாள்தான். இரண்டையும் ஒன்றாக எழுத எனக்கு மனசே வராது.

ஒரு சித்திரைக் கடைசியில் ஓர் ஆயா கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னைத் தன் மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைத் தொட்டேன். காய்ந்து, தோசைக்கல் போல இருந்தது. வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனோம். புடவையைத் தளர்த்தி, இருந்த குடத்தையெல்லாம் மேலே ஊற்றி, முறத்தால் விசிறினோம். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நான் தடுத்ததற்கு ஒருத்தி சண்டைக்கே வந்தாள். 108 வந்தது. பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் நான் ஆறு மணிக்கே வரச் சொன்னேன். கூழையும் மோரையும் பத்து மணிக்குக் கட்டாயமாக்கினேன். ஆனாலும் வருகைக்காகக் காலையில் எடுக்கும் படம் போக, மதியத்துக்கு மேல் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்ற விதி வந்ததும், வேலை முடித்தவர்களும் கரையிலேயே காத்துக் கிடந்தார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழ்நாடு மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்லதுதான். உயிரோடு மண் சுமக்கிறவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது நிழலும், கூலி வெட்டாமல் வீட்டுக்குப் போகிற உரிமையும்.

பன்னிரண்டாம் நாள் அதே ஆயா தூக்குவாளியோடு ஏரிக்கரையில் நின்றார். "இன்னும் ரெண்டு வாரம் ஓய்வெடு ஆயா" என்றேன்.

"வீட்லயும் தகரக் கூரைதான் கண்ணு. இங்கன்னா கூலியாச்சும் வரும். பேரைப் போடு."

போட்டேன்.