மூட்டையின் மேல் கொழுந்து

"அப்படியென்றால் உங்கள் 412-உம் மூட்டையின் மேலே தெரிகிற கொழுந்துதானே, அக்கா?" என்று எச்ஐவி தொற்றிய அந்தத் தம்பி 2014-இல் கேட்டார். 412 என்பது எச்ஐவி தாக்கி அழிக்கும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4 செல்களின் எண்ணிக்கை, அவருடைய இரத்தப் பரிசோதனையில் வந்தது. "350-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை, இப்போதைய விதி அதுதான்" என்றேன். பதிலில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது விதியை அல்ல.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பச்சை இலையை எடைபோட்டு வாங்குபவர் அவர். "இத்தனை அணுக்கள் இருந்தும் ஏன் கிருமியைப் பிடிக்க முடியவில்லை?" என்று தொடங்கியதும் அவர்தான். உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது, அதைப் பார்த்தே டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் தொற்றிய செல்லைக் கொல்கின்றன, எச்ஐவியின் நெஃப் என்னும் புரதமோ ஏந்திக் காட்டும் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி மூலக்கூறுகளை உள்ளே இழுத்துவிடுகிறது என்று விளக்கினேன். அனைத்தையும் இழுத்துவிட்டால், வெறுமையாக நிற்கும் செல்லை இயற்கைக் கொல்லி செல்கள் என்னும் வேறு வகை நோயெதிர்ப்பு அணுக்கள் அழித்துவிடும் என்பதால், எச்எல்ஏ-சி, எச்எல்ஏ-இ ஆகியவற்றை நெஃப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. வைரஸ் நுழைந்த வாசலான சிடி4 ஏற்பியையும் அது மேற்பரப்பிலிருந்து அகற்றிவிடுகிறது.

"முற்றிய இலையை அடியில் திணித்து, மேலே கொழுந்தைப் பரப்பிக் கொண்டுவருவார்களே, அது மாதிரியா?" என்றார். அத்தனை பொருத்தமான உவமை எனக்குத் தோன்றியதே இல்லை. மகிழ்ந்துபோய் ஆமாம் என்றேன். அடுத்ததாகத்தான் அந்த 412-ஐப் பற்றிக் கேட்டார்.

412 பொய்யான எண் அல்ல, அவருடைய இரத்தத்தில் உள்ளபடி எண்ணப்பட்டதுதான். ஆனால் உடலின் லிம்போசைட்டுகளில் (சிடி4 செல்களும் சேர்ந்த வெள்ளணு வகை) ஏறத்தாழ 2 சதவீதமே இரத்தத்தில் ஓடுகின்றன என்பதையும், குடற்சுவரின் சிடி4 செல்கள் தொற்றிய முதல் வாரங்களிலேயே பெருமளவு அழிந்துவிடுகின்றன என்பதையும் நான் அன்றே படித்திருந்தேன். மாத்திரை கொடுக்க முடியாத நிலையில் அதைச் சொல்வது வீணாகக் கலங்கடிப்பதாகும் என்று கருதியே சொல்லாமல் விட்டேன். அந்தக் கருத்து சரியென்றே இப்போதும் சில நாட்கள் தோன்றுகிறது. அப்படியானால் நெஃப்பைப் பற்றி மட்டும் ஏன் அவ்வளவு விரிவாகச் சொன்னேன்? அவருக்குத் தேவைப்பட்டதாலா, விளக்குவதில் எனக்கிருந்த ஆசையாலா?

ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு அவர் வரவில்லை. எண்ணிக்கை எதுவானாலும் அனைவருக்கும் சிகிச்சை என்ற விதி 2017-இல் வந்தபோது, காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தோம். அவருடைய எண் உபயோகத்தில் இல்லை. என் பேச்சு அவரை விரட்டியதோ, வேலை தேடி மலையிறங்கிப் போனாரோ, அறியேன்.

இனி எவரிடமும் நெஃப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்று அப்போது முடிவெடுத்தேன். சென்ற மாதம் ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டார். இலை மூட்டையிலிருந்துதான் தொடங்கினேன்.