80 விநாடி என்று ஒன்று கிடையாது

1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் ஆதாம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரையான கடல் எல்லைக்கு மொத்தம் ஆறே புள்ளிகள்தான். அவற்றை டெசிமல் டிகிரிக்கு (நிமிடம், விநாடி எனப் பிரிக்காமல் டிகிரியைத் தசம எண்ணாக எழுதும் முறை) மாற்றிக் கோடு இழுப்பது எக்செல்லில் பத்து நிமிட வேலை. ஆனால் எனக்கு இரண்டு மாலை போய்விட்டது. சூத்திரத்தில் பிழையில்லை, கைக்கு வந்த அட்டவணையில்தான் பிழை.

ஒப்பந்தத்தில் நான்காம் புள்ளி இப்படி இருக்கிறது: 09° 21'.80 வடக்கு, 79° 30'.70 கிழக்கு. நிமிடக் குறியை ஒட்டி வருவது தசமப் புள்ளி. ஆக இது 21.80 நிமிடம், 30.70 நிமிடம். விநாடியே கிடையாது. யாரோ மறுபடி தட்டச்சு செய்யும்போது 9, 21, 80 என்று மூன்று செல்லாகப் பிரித்துவிட்டார்கள். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்டும் வழக்கமான சூத்திரம் 80-ஐயும் சத்தமில்லாமல் வகுத்துத் தந்துவிடும். வந்த விடை 9.37222, 79.51944. சரியானது 9.36333, 79.51167. வித்தியாசம் தசமத்தில் துளியாகத் தெரியும். கடலில் அது சுமார் 1,300 மீட்டர், அதுவும் வடகிழக்கே, கச்சத்தீவின் பக்கமாக! இந்த எல்லையில் அந்தத் தூரம் சின்ன விஷயமே இல்லை.

காட்டிக்கொடுத்தது அந்த 80-தான். விநாடி 60-ஐத் தொடாது. அதனால் மாற்றத் தொடங்கும் முன்பே விநாடி நெடுவரிசைக்கு ஃபில்டர் போட்டு, 60 அல்லது அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது விநாடியே அல்ல. ஆனால் மூன்றாம் புள்ளியின் அட்சத்தில் (வடக்கு அளவு) நிமிடம் 40'.15. அதில் 15 என்பது விநாடி மாதிரியே நிற்கும், ஃபில்டரில் சிக்காது. ஒரு வரிசை சிக்கினால் மொத்த அட்டவணையையும் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: ஒட்டுவதற்கு முன் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 21.80 என்பது 21.8 ஆகி, பிரிக்கும்போது வெறும் 8 கிடைக்கும். தடயமே அழிந்துவிடும்.

டிகிரிக் குறியும் சோதிக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மூன்று வட்டக் குறிகள் உண்டு. விசைப்பலகையில் தட்டிய குறியைக் கொண்டு எக்செல்லின் டெக்ஸ்ட் டு காலம்ஸ் வசதி பிரிக்காமல் நின்றால், அந்தச் செல்லிலிருந்தே குறியை நகலெடுத்து ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் போட்டு, தட்டிய குறியாக மாற்றிவிடுங்கள்.

சரிபார்க்க, டிகிரி-நிமிடம்-விநாடிக்குத் திருப்பி மாற்றும்போது அடுத்த தலைவலி. ஐந்தாம் புள்ளியின் தீர்க்கம் (கிழக்கு அளவு) 79° 32'.0. ஐந்து தசமத்தில் அது 79.53333. முழு எண்ணைக் கழித்துக் கழித்துப் பிரித்தால் 31 நிமிடம் 60 விநாடி என்று காட்டும். முதலில் மொத்தத்தையும் 3600-ஆல் பெருக்கி முழு விநாடிக்கு ரவுண்ட் செய்துவிட்டு, பிறகு பிரித்தால் 32 நிமிடம் சுத்தமாக வரும். டிகிரியை 24-ஆல் வகுத்து நேர ஃபார்மேட்டில் காட்டும் குறுக்குவழியில் மணிக்கான h எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடாவிட்டால் 79 டிகிரி 7 ஆகிவிடும்.

கடைசியாக, கூகுள் எர்த்தில் கோட்டைக் காட்டும் கேஎம்எல் கோப்பில் தீர்க்கம்தான் முதலில் வரவேண்டும். மாற்றிப் போட்டால் கச்சத்தீவுக் கோடு ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.