மச்சத்தைத் திருப்பி வைத்த கதை

பத்து நாளாக ஒரே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம். கன்னத்தில் இரண்டு பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சரிசெய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

முதல் நாள் படத்தின் லேயரை, அதாவது அடுக்கை, நகலெடுத்து, காசியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டு முகம் முழுக்கப் பூசினேன். கழுத்து அக்காவுடையது, முகம் மெழுகு பொம்மையுடையது என்றாகிவிட்டது. போகிற போக்கில் மோவாயில் இருந்த மச்சத்தையும், பக்கத்துத் தோலை வைத்து மூடும் ஹீலிங் டூலால் அழித்திருந்தேன். அனுப்பியதும் வந்த பதில்: "டேய், என் மச்சம் எங்கேடா?" அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பத்து நாளில் தானாக மறையக்கூடியதை எடுக்கலாம். மற்றது இருக்கட்டும்.

அப்புறம் ஃப்ரீக்வென்சி செபரேஷன்: தோலின் நுணுக்கத்தையும் நிறத்தையும் தனித்தனி லேயராகப் பிரிப்பது. படத்தை இரண்டு முறை நகலெடுத்து, மேல் நகலுக்குப் பிளர் கொடுத்தேன். அதன் மோடை, அதாவது கீழுள்ள லேயரோடு கலக்கும் விதத்தை, கிரெயின் எக்ஸ்ட்ராக்ட் ஆக்கி, திரையில் தெரிவதைப் புது லேயராக்கும் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து வந்த சாம்பல் நிற லேயரை கிரெயின் மெர்ஜுக்கு மாற்றினேன். பிளர் செய்த நகலின் மோடை மறுபடி நார்மல் ஆக்கியதும் படம் பழையபடியே திரும்பி வந்தது. ஆனால் இப்போது தோலின் துளைகளும் பூனைமுடியும் மேலே, நிறமும் நிழலும் கீழே. எல்லாம் பிளரின் அளவில்தான் இருக்கிறது. 20 பிக்சல் வைத்தால் பருவின் சிவப்பும் மேல் லேயருக்குப் போய்விடுகிறது. துளைகள் கீழ் லேயரில் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். என் படத்துக்கு அது 8. பெரிய படமென்றால் கூடும்.

இதிலும் ஆசை விடவில்லை. கீழ் லேயரில் கன்னத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி பிளர் செய்யப்போய், மூக்கோர நிழல் கன்னத்தில் வழிந்து அழுக்குப் போல நின்றது. கன்ட்ரோல் இசட் வாழ்க.

கடைசியில் கைகொடுத்தது, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமும் இருட்டும் கூட்டும் டாட்ஜ் அண்ட் பர்ன்தான். 808080 என்ற நடுச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர், மோட் சாஃப்ட் லைட், பிரஷ் ஒபாசிட்டி (பூச்சின் அடர்த்தி) 6. இருண்ட இடத்தில் வெள்ளை, பளிச்சென்ற இடத்தில் கறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு லேயர் ஒன்றை வைத்து மோடை எச்எஸ்எல் கலர் ஆக்கினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அப்படிப் பார்த்தபோதுதான் புரிந்தது: கருவளையம் என்று நான் நினைத்ததில் பாதி, கண்ணுக்குக் கீழ் வீக்கத்தின் நிழல். அந்த மெல்லிய கோட்டின் மேல் மட்டும் ஏழெட்டு முறை தடவினேன். தோலில் ஒரு துளைகூடப் போகவில்லை, களைப்பு மட்டும் குறைந்தது.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 300 சதவீதம் பெரிதாக்கி இடது கன்னத்தில் இரண்டு மணி நேரம் உழைத்தேன். சிறிதாக்கிப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்போது நியூ வியூ கொடுத்து, அதே படத்தை இன்னொரு ஜன்னலில் முழுதாகத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

மச்சம் அசல் லேயரிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நெற்றியில் விழுந்த ஒற்றை முடிதான் பாக்கி. நடுவில் ஹீலிங் அழகாக அழிக்கிறது. தலைமுடியை நெருங்கினால் அதன் கறுப்பையும் இழுத்து ஈஷிவிடுகிறது. அந்த ஓரத்தை மட்டும், ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் டூலில், சின்ன பிரஷ்ஷால் நாளை முயன்று பார்க்க வேண்டும்.