இரந்துண்டவர்களின் சுவர்கள்: இத்தாலி நாட்குறிப்பு

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு. பொலோனியா

மகள் வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இன்று அவளுக்கும் விடுமுறை என்பதால் இருவரும் சாமிநாதர் கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். இங்கே சான் தொமேனிக்கோ என்கிறார்கள். இரந்துண்டு பிரசங்கம் செய்த துறவியர் சபையை நிறுவியவர். தொமினிக் என்றால் ஆண்டவருக்கு உரியவர் என்று பொருள். அந்தப் பெயரைச் சாமிநாதர் என்று மாற்றிக்கொண்ட நம் முன்னோரின் செவியை நினைத்து எனக்கு எப்போதும் பெருமை.

பூசை முடிந்ததும் அவருடைய கல்லறைக்கு முன் நின்றோம். 1221 ஆகஸ்ட் 6 அன்று இந்த ஊரில்தான் இறந்தார். தனக்கென்று ஓர் அறை இல்லாததால் மொனேத்தா என்ற சகோதரரின் கட்டிலில் கிடந்தார். மாற்று அங்கி இல்லாததால் அந்தச் சகோதரரின் அங்கியையே உடுத்தியிருந்தார். தம் சகோதரர்களின் காலடியில் புதைக்கச் சொன்னார். இப்போது அவர் எலும்புகள் இருப்பது ஆளுயரத்துக்கும் மேலே எழும் பளிங்குக் கல்லறையில். 1264 முதல் 1267 வரை நிக்கோலா பிசானோவின் பட்டறை பெட்டியைச் செதுக்கியது. இருநூறு ஆண்டுகள் கழித்து நிக்கோலோ என்ற சிற்பி மேல்மூடியைச் செய்தார். 1494இல் அவர் இறந்துபோக, மீதமிருந்த மூன்று சிலைகளும் இருபது வயதை ஒட்டிய மைக்கலாஞ்சலோ கைக்கு வந்தன. வலப்புறம் மெழுகுவர்த்தித் தண்டைத் தாங்கி மண்டியிட்டிருக்கும் வானதூதர் அவர் செய்தது. எங்கள் தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கப் போன பையனுக்கு இருந்ததுபோலத் திரண்ட தோள்.

பழைய பெட்டியின் பலகை ஒன்றில் சாமிநாதரும் சகோதரர்களும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று மடத்தில் ரொட்டி இல்லை. வானதூதர்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் கண் அதிலேயே நின்றுவிட்டது.

“அம்மா, பிச்சை எடுத்துச் சாப்பிட்டவருக்கு இத்தனை பளிங்கா?” என்று மகள் கேட்டாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் பிளாரன்ஸ் போகிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய். பிளாரன்ஸ்

சான் மார்க்கோ மடத்துப் படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. முழங்கால் வலிக்குப் பயந்து தலை குனிந்தே ஏறினேன். திருப்பத்தில் நிமிர்ந்தபோது, மேலே படிகள் முடியும் இடத்தில், சுவர் நிறைய மங்கள வார்த்தை, இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி. கபிரியேல் தூதர் மண்டியிட்டிருக்கிறார். மரியாள் ஒரு சாதாரண மர முக்காலியில் அமர்ந்திருக்கிறாள். பட்டு விரிப்பு இல்லை, சிம்மாசனம் இல்லை. படத்தின் அடியில் லத்தீனில் ஒரு வரி எழுதியிருக்கிறது. கன்னி மரியின் உருவத்தைக் கடந்துபோகிறவனே, ‘வாழ்க’ சொல்லாமல் போய்விடாதே என்பது அதன் பொருள். நான் யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது: “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க.” நாங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்று மாற்றிச் சொல்லத் தொடங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பாட்டி சொல்லிக்கொடுத்ததுதான் வந்தது.

இந்த மடம் 1436இல் சாமிநாதர் சபைக்குக் கிடைத்தது. பணம் கொடுத்தவர் வங்கியாளர் கோசிமோ தெ மெதிச்சி, கட்டியவர் மிக்கெலொட்சோ. படங்களை வரைந்தவர் அதே சபையின் துறவி. ஊர் உலகம் அவரை ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்கிறது. ஆனால் அந்தப் பெயர் அவர் இறந்த பிறகு வந்தது. கூட இருந்தவர்களுக்கு அவர் சகோதரர் ஜொவான்னி, அவ்வளவுதான். துறவியாவதற்கு முன்பே தொழில் தெரிந்த ஓவியர்.

மாடியில் ஒரே பெரிய மரக்கூரை. அதன் கீழே நடைபாதையின் இருபுறமும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு சன்னல், ஒரு படம். கீழைப் பகுதி அறைகளில் சன்னலுக்குப் பக்கத்திலேயே, மேலே வளைந்த இன்னொரு சன்னலைப் போலப் படம் இருக்கிறது. ஒரு சன்னலில் தோட்டம் தெரியும், மற்றதில் மீட்பரின் வாழ்க்கை தெரியும். துறவி காலையில் கண்ணைத் திறந்தால் இரண்டும் ஒன்றாகப் படும்.

முதல் அறையில் உயிர்த்த ஆண்டவர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மதலேன் மரியாளுக்குத் தோன்றுகிறார். கிட்டே போய்ப் பார்த்தேன். புல்வெளியில் சிவப்புப் பூக்கள் சிதறியிருக்கின்றன. காம்பு இல்லை, இதழ் இல்லை, தூரிகை நுனியால் வைத்த சிவப்புப் பொட்டுகள். அவர் பாதத்துக் காயத்தைப் பார்த்தால், அங்கேயும் அதே சிவப்பு, அதே பொட்டு. காயம்தான் புல்லில் உதிர்ந்து பூவாகியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவள் நான். பூவை வரையத் தெரியாத கை அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் அறையில் இன்னொரு மங்கள வார்த்தை. படிக்கட்டில் பார்த்ததைவிட எளிது. தோட்டம்கூட இல்லை, வெறும் வெள்ளைச் சுவரும் வளைவுக் கூரையும்தான். இடது ஓரத்தில், தலையில் ரத்தத்தோடு, வேதசாட்சியான இராயப்பர் (பீட்டர்) என்ற சாமிநாதர் சபைத் துறவி கை கூப்பி நிற்கிறார். அந்த அறையில் வாழ்ந்தவர் தம்மைப் போலவே வெள்ளை அங்கியும் கறுப்பு மேலங்கியும் உடுத்திய ஒருவர் அந்த நாசரேத்து வீட்டில் நிற்பதைத் தினமும் பார்த்திருப்பார்.

இரவு மகள் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டாள். “பொலோனியாவில் இருப்பது ஊருக்காகச் செய்தது, இங்கே இருப்பது ஒரே ஓர் ஆளுக்காகச் செய்தது” என்றேன். பதில் இன்னும் முழுதாகவில்லை.

அக்டோபர் 2, புதன்

மழை. முழங்கால் வீங்கியிருக்கிறது. அறையை விட்டு வெளியே போகவில்லை.

பழைய காலத்து ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடங்களுக்கு நிலம் இருந்தது, குத்தகை வந்தது. துறவி சேர்ந்த மடத்திலேயே வாழ்ந்து மடிவார். 13ஆம் நூற்றாண்டில் வந்த சாமிநாதர் சபையினரும் அசிசி நகரத்துப் பிரான்சிஸின் சபையினரும் வேறு. நகரத்துக்குள் வந்தார்கள், தெருவில் பிரசங்கம் செய்தார்கள், வீடு வீடாகக் கையேந்தினார்கள். தங்களைச் சகோதரர் என்றே அழைத்துக்கொண்டார்கள். 1220இல் பொலோனியாவில் கூடிய சபைக் கூட்டத்தில் நிலமும் வருமானமும் வேண்டாம் என்று சாமிநாதர் சபை முடிவெடுத்தது. அசிசியாரின் 1223ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை: வீடு, இடம், எந்தப் பொருளும் சொந்தமாக இருக்கக் கூடாது, காசைக் கையால் வாங்கவும் கூடாது.

அசிசியாரின் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகு இதை எப்படிக் காப்பது? 1245இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட் ஒரு வழி சொன்னார். அவர்கள் பயன்படுத்தும் பொருளெல்லாம் உரோமைத் திருச்சபைக்குச் சொந்தம், அவர்களுக்குப் பயன்பாடு மட்டும். சிலருக்கு அது போதவில்லை. ஒட்டுப்போட்ட குட்டை அங்கியைத்தான் உடுத்துவோம், மடத்தில் தானியக் கிடங்கும் திராட்சரசக் கிடங்கும் கூடாது என்றார்கள். 1317இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான், மேலதிகாரி சொல்வதுபோல உடுத்துங்கள், சேமியுங்கள் என்று ஆணையிட்டார். பணிய மறுத்த நான்கு துறவிகளை 1318 மே மாதம் மர்சேய் நகரில் எரித்தார்கள்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நாளைக்கு என்று தானியம் எடுத்துவைக்க மாட்டேன் என்பது மரண தண்டனைக்கு உரிய குற்றமா? அவர்களுக்காக ஒரு செபமாலை சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

1226இல் இதே நாள் மாலையில்தான் அசிசியார் இறந்தார். இயேசுவின் ஐந்து காயங்களும் அவர் உடம்பில் பதிந்திருந்ததால் ஐந்துகாயப் பிரான்சிஸ் என்கிறோம். வேண்டுமென்றேதான் இன்றைக்குச் சாந்தா குரோச்சே கோயிலுக்குப் போனேன்.

ஒரு காலத்தில் இது ஊர் மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில், கம்பளித் தொழிலாளர்கள் வாழ்ந்த ஏழைப் பகுதி. அதனால்தான் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் இங்கே வந்தார்கள். 1290களில் இப்போதைய கோயில் எழத் தொடங்கியது. நீளம் 115 மீட்டர். உள்ளே நின்றால் மேலே வெறும் மர உத்திரங்கள், கீழே திடல் போல அகலம். பிரசங்கம் கேட்க ஊரே வந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் கட்டியது என்று பார்த்ததுமே புரிகிறது.

பீடத்துக்கு வலப்புறம் பார்தி குடும்பத்தின் சிற்றாலயம். வட்டித் தொழில் செய்த வங்கிக் குடும்பம். இங்கிலாந்து அரசனுக்கே கடன் கொடுத்து, 1340களில் நொடித்துப்போனது. காசைத் தொடாத ஒருவரின் வாழ்க்கையைக் காசே வாழ்க்கையான குடும்பம் ஜோட்டோவைக் கொண்டு வரையச் செய்திருக்கிறது. பாவ பயம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தப் பயத்தை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

பிரான்சிஸ் இறந்து கிடக்கும் காட்சியின் முன் ஒரு மணி நேரம் நின்றேன். 18ஆம் நூற்றாண்டில் இதன் மேல் வெள்ளையடித்தார்கள், பின்னர் சுவரை ஒட்டிக் கல்லறைச் சின்னங்களும் வைத்தார்கள். 1850களில் படத்தைக் கண்டெடுத்து, இல்லாமல் போன பகுதியைப் புதிதாக வரைந்து நிரப்பினார்கள். பிறகு 20ஆம் நூற்றாண்டில் அந்த நிரப்பலை நீக்கி வெறும் காரையை விட்டுவிட்டார்கள். அழுகிற சகோதரர்களுக்கு நடுவே சுவர் வெறுமையாக இருக்கிறது. அதை அப்படியே விட்டதற்கு நன்றி. ஒருவர் பாதத்தை முத்தமிடுகிறார், ஒருவர் கையை. சிவப்பு உடையில் ஒரு செல்வர் முதுகைக் காட்டி மண்டியிட்டு, விலாக் காயத்தில் விரலை வைத்துப் பார்க்கிறார். நம்பாமல் வந்தவர். தலைமாட்டில் இருக்கும் சகோதரர் மட்டும் கைகளை விரித்து, குனிந்து முகத்தையே பார்க்கிறார். சாவு வீட்டில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

திருப்பொருள் அறையில் சிமாபுவே வரைந்த பெரிய சிலுவை. 1966 நவம்பர் 4ஆம் தேதி வெள்ளத்தில் அதன் வண்ணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 5, சனி

மறுபடி சான் மார்க்கோ, வரைதாளும் பென்சிலுமாக.

நவதுறவிகளின் அறைகள் தெற்கு நடையில் இருக்கின்றன. எல்லா அறையிலும் ஒரே காட்சி: சிலுவை, அதன் அடியில் சாமிநாதர். ஆனால் ஒவ்வொன்றிலும் அவர் உடம்பு வேறு மாதிரி. ஓர் அறையில் கை விரித்து நிற்கிறார், ஒன்றில் தம்மையே அடித்துக்கொள்கிறார், ஒன்றில் கை கூப்பிக் குனிகிறார். அவர் செபித்த முறைகளை விவரிக்கும் பழைய கையேடு ஒன்று சபையில் இருந்தது. அதைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். செபிக்கக் கற்க வந்த இளைஞன் வாயால் மட்டும் கற்றால் போதாது, முதுகும் முழங்காலும் கற்க வேண்டும்.

அந்த நடையின் கோடியில், ஊரையே உலுக்கிய பிரசங்கியான துறவி சவோனரோலாவின் அறைகள். 1491இல் மடத்துத் தலைவரானார், 1498 மே 23 அன்று தூக்கிலிட்டு எரித்தார்கள். அவருக்காக அடித்த மணியைக்கூடச் சாட்டையால் அடித்து ஊரை விட்டு அனுப்பினார்கள். அந்த அறைகளில் எனக்கு நெடுநேரம் நிற்க முடியவில்லை.

கோசிமோவின் அறை வடக்குக் கோடியில். அவர் தனித்திருந்து செபிக்க மடத்திலேயே இரண்டு அறை வைத்திருந்தார். மற்றவர்களுக்கு ஒன்று. உள்ளே மூன்று இராசாக்களின் வருகை, சுவர் கொள்ளாத கூட்டமும் நிறமும். பக்கத்து அறைகளின் அமைதிக்குப் பிறகு அது எனக்குச் சத்தமாகக் கேட்டது. ஆனால் அவர் பணத்தில்தான் இந்த அமைதியும் கட்டப்பட்டது. அவர் பணத்தில்தான் 1444இல் நூலகமும் வந்தது. நூல் சேகரிப்பாளர் நிக்கோலோ நிக்கோலி விட்டுச்சென்ற நானூறு நூல்களை வைத்து, மடத்துக்கு வெளியே இருந்து வரும் அறிஞர்களும் படிக்கலாம் என்று திறந்துவைத்தார்கள். இரண்டு வரிசைத் தூண்கள், மூன்று நடைகள், பச்சை படர்ந்த சுவர். காசு வேண்டாம் என்றவர்கள் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரசங்கம் செய்கிறவனுக்குப் புத்தகம்தான் கலப்பை.

கடைசியாக 7ஆம் அறை. ஆண்டவர் வெள்ளை அங்கியில், கண் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டிய துணி மெல்லியது, மூடிய இமை உள்ளே தெரிகிறது. பின்னால் தொங்கும் பச்சைத் துணியின் மேல், உடம்பே இல்லாமல் கைகள் மட்டும் மிதக்கின்றன. ஒரு கையில் கோல். ஒரு தலை மட்டும் எச்சில் துப்புகிறது, தொப்பியைத் தூக்கி வணங்குவதுபோலக் கேலி செய்கிறது. அடிப்பவர்கள் யார் என்று வரையவே இல்லை. கீழே ஒரு பக்கம் மரியாள், கன்னத்தில் கை வைத்தபடி. மறுபக்கம் சாமிநாதர், மடியில் புத்தகம். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மரியாள் நினைக்கிறாள், சாமிநாதர் வாசிக்கிறார். மேலே நடப்பதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வருவதுபோல இருக்கிறது.

தரையில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். கண்கட்டுத் துணி வரவில்லை. மூன்று முறை அழித்தேன். இமை தெரிய வேண்டும், துணியும் தெரிய வேண்டும். அவர் அதை ஈரச் சுண்ணாம்பில் செய்திருக்கிறார். அன்றைக்குப் பூசிய காரை காய்வதற்குள் முடித்தாக வேண்டும், அழிக்கவே முடியாது. காவலர் வந்து மூடும் நேரமாகிவிட்டது என்று சைகை காட்டியபோது, சாமிநாதரின் கையும் அது தொட்டிருக்கும் ஏடும் மட்டும்தான் என் தாளில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். அறை வாடகையை இரண்டு நாள் நீட்டிக்கச் சொல்லி மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.