எண்ணா, டேக்கா? எங்கள் வாசல் கதவுக்கு நாங்கள் எடுத்த முடிவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கதவுக்குச் சாவியில்லாப் பூட்டு போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது. எந்த வகை நல்லது என்று விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெரும்பாலோர் கேட்டது ரகசிய எண்ணை அழுத்தித் திறக்கும் கீபேட்தான். கையில் எதையும் தூக்கித் திரிய வேண்டாம், தொலையவும் தொலையாது, செலவும் குறைவு.

பக்கத்துக் குடியிருப்பில் இருந்த கீபேடைப் போய்ப் பார்த்தேன். நான்கு பொத்தான்களில் மட்டும் எண் தேய்ந்து மங்கியிருந்தது. நான்கிலக்க எண் என்றால் 10,000 வாய்ப்புகள் உண்டு. எந்த நான்கு இலக்கங்கள் என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது 24 தான். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த எண் பால்காரர், வீட்டு வேலைக்கு வருபவர்கள், பழைய வாடகைதாரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் எண்ணை மாற்றி வீடு வீடாகச் சொல்ல வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை. ஆளுக்கொரு எண் கொடுக்க முடியும் என்றாலும், கண்புரை உள்ள பெரியவர்கள் மாலை வெளிச்சத்தில் பொத்தானைத் தேடித் தடுமாறுவதைப் பார்த்தபின் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

சாவிக்கொத்தில் மாட்டும் சிறு மின்னணு வில்லையான டேக் என்றால், அதைப் படிக்கும் ரீடரிடம் காட்டினால் போதும். தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம். ஆனால் டேக்கிலும் வகை பார்த்தே வாங்க வேண்டும். விலை மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் டேக் தன் எண்ணை எந்த ரீடர் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடும். கையடக்க நகலெடுப்புக் கருவி ஒன்றிருந்தால் சில நொடிகளில் இரட்டை தயார். அதைவிட அதிக அதிர்வெண்ணில் வேலை செய்யும் 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக் என்று சொன்னால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்த வகையிலேயே மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறையாக்கம் (தகவலை ரகசியக் குறியீடாக மாற்றும் முறை) 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. நாங்கள் அதைவிட வலுவான மறையாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகையைக் கேட்டு வாங்கினோம். ரீடர் வெறும் எண்ணை மட்டும் படிக்காமல், மறையாக்கச் சாவியைச் சரிபார்க்கும்படி அமைக்கவும் சொன்னோம். அதைச் செய்யாவிட்டால் கொடுத்த காசு வீண்.

பூட்டைத் திறக்கச் சொல்லும் கண்ட்ரோலர் பெட்டியைக் கதவுக்கு உள்பக்கம் பொருத்தச் சொல்லி விடாப்பிடியாக நின்றேன். ரீடருக்குள்ளேயே எல்லாம் அடங்கிய மலிவுப் பெட்டியை வெளிச்சுவரில் மாட்டினால், அதைக் கழற்றி இரண்டு கம்பிகளைத் தொட வைத்தாலே கதவு திறந்துவிடும். இதை விற்பவர் யாரும் தானாகச் சொல்லவில்லை.

நாங்கள் போட்ட மின்காந்தப் பூட்டு, மின்சாரம் நின்றால் கதவை விட்டுவிடும். தீ விபத்தில் வெளியே ஓட அதுதான் வழி, அதனால் அப்படியே இருக்க வேண்டும். சாதாரண மின்வெட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி தாங்குகிறது. அவசரத்துக்குப் பூட்டின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் பொத்தான் கதவருகே இருக்கிறது.

டேக் எண், வீட்டு எண், வாங்கியவர் பெயர் மூன்றையும் பதிவேட்டில் எழுதிய பிறகே ஒவ்வொன்றையும் கொடுத்தோம். எந்த டேக் யாருடையது என்று தெரியாவிட்டால் தொலைந்ததை எப்படி நீக்குவது?

கீபேடையும் நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. மோட்டார் அறைக்கு அதைத்தான் போட்டிருக்கிறோம். அங்கே போவது காவலாளியும் எலக்ட்ரீஷியனும்தான். ஆள் மாறினால் அன்றைக்கே எண்ணையும் மாற்றிவிடுகிறோம்.